திரையில் அச்சம்: தொலைவு யார் கையில்?

அச்சம் எவரும் விரும்பாத ஒன்று. பாம்பைக் கண்டால் விலகி ஓடுகிறோம். இருட்டில் பின்னால் காலடி ஓசை கேட்டால் நடையை எட்டிப் போடுகிறோம். ஆயினும் காசு கொடுத்து நுழைவுச்சீட்டு வாங்கி, இருண்ட அரங்கினுள் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டு நடுங்கிவிட்டு, 'நல்ல படம்' என்று சொல்லிக்கொண்டே வெளியே வருகிறவர்களும் நாம்தாம். வேண்டாத சரக்கை விலை கொடுத்து வாங்கும் இந்த வழக்கம் விந்தையானதல்லவா? அச்சம் எப்போது இன்பமாக மாறுகிறது? எப்போது அது துன்பமாகவே நின்றுவிடுகிறது?

இக்கேள்விகளுக்கு விடை தேட 1960-ஆம் ஆண்டு நமக்கு ஒரு நல்ல வாய்ப்பைத் தருகிறது. அந்த ஆண்டில், சில வார இடைவெளியில், இரண்டு திகில் படங்கள் வெளியாயின. இரண்டையும் இயக்கியவர்கள் இங்கிலாந்தில் பிறந்த புகழ்பெற்ற கலைஞர்கள். இரண்டின் கதையும் ஏறத்தாழ ஒன்றுதான்: பார்ப்பதற்குச் சாதுவான ஓர் இளைஞன், பெற்றோரின் பிடியில் சிதைந்துபோன அவன் மனம், அதன் விளைவாக நிகழும் கொலைகள். ஆனால் பார்த்தவர்கள் நடந்துகொண்ட விதம் நேர்மாறாக இருந்தது. ஒரு படத்துக்கு மக்கள் வரிசையில் நின்றனர். மற்றொன்று சில நாட்களிலேயே அரங்குகளை விட்டு வெளியேற்றப்பட்டது. ஏறத்தாழ ஒரே சோதனை இரண்டு முறை செய்யப்பட்டு, முற்றிலும் வேறான முடிவுகள் கிடைத்தால், எந்த ஒரு நிபந்தனை மாறியது என்றுதான் ஆய்வுக்கூடத்தில் முதலில் கேட்போம். இங்கும் அப்படியே கேட்டுப் பார்ப்போம்.

இரண்டு படங்கள்

முதற்படம் மைக்கேல் பவல் இயக்கிய 'பீப்பிங் டாம்'. ஒளிந்திருந்து பார்ப்பவன் என்பது இத்தலைப்பின் பொருள். 1960 ஏப்ரலில் இது இலண்டனில் திரையிடப்பட்டது. கதை வசனம் எழுதியவர் லியோ மார்க்ஸ்; இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனின் இரகசியச் சங்கேதத் துறையில் பணியாற்றியவர்.

கதையின் நாயகன் மார்க் லூயிஸ் ஒரு படப்பிடிப்பு நிலையத்தில் ஒளிப்பதிவாளரின் உதவியாளன். கேமராவின் வில்லைக்கும் நடிகருக்கும் இடையே உள்ள தொலைவை அளந்து, நடிகர் நகரும்போதெல்லாம் படம் மங்கிவிடாதபடி குவியத்தைத் திருத்திக்கொண்டே இருப்பது அவன் வேலை. அவன் தந்தை ஒரு பேராசிரியர். அச்சம் மனித நரம்புகளை எவ்வாறு தாக்குகிறது என்பதே அவருடைய ஆராய்ச்சி. அதற்கு அவர் தேர்ந்தெடுத்த ஆராய்ச்சிப் பொருள் சொந்த மகன். உறங்கும் சிறுவனின் கண்ணில் விளக்கொளி பாய்ச்சி எழுப்புவார். படுக்கையில் பல்லி போன்ற பிராணியைப் போடுவார். அவன் நடுங்குவதைப் படம் பிடிப்பார். தாய் இறந்து கிடக்கும்போது அந்தப் பிள்ளையின் முகம் எப்படி இருக்கிறது என்பதையும் அவர் படம் பிடிக்கத் தவறவில்லை.

வளர்ந்த மகன் அந்த ஆராய்ச்சியைத் தன் வழியில் தொடர்கிறான். கேமராவைத் தாங்கும் முக்காலியின் ஒரு காலில் கூரிய கத்தி ஒன்றை மறைத்து வைத்திருக்கிறான். அதைக் கொண்டு பெண்களைக் கொன்று, சாகும் தறுவாயில் அவர்கள் முகத்தில் எழும் அச்சத்தைப் படம் பிடிக்கிறான். இதைவிடக் கொடியது, கேமராவின் மேல் அவன் பொருத்தியிருக்கும் முகம் பார்க்கும் கண்ணாடி. சாகப் போகிறவள் தன் முகத்தில் உள்ள அச்சத்தைத் தானே காண வேண்டும் என்பது அவன் ஏற்பாடு.

பத்திரிகைகள் சீறி எழுந்தன. ஒரு வார இதழின் விமரிசகர், இப்படத்தை அள்ளிச் சாக்கடையில் கொட்டிவிட வேண்டும் என்ற பொருள்பட எழுதினார். 'சண்டே டைம்ஸ்' இதழில் நெடுங்காலம் விமரிசனம் எழுதிவந்த டிலிஸ் பவல் என்னும் அம்மையாரும் கடுமையாகக் கண்டித்தார். (பெயரில் ஒற்றுமை இருந்தாலும் இவர் இயக்குநருக்கு உறவினர் அல்லர்.) இங்கிலாந்தின் தலைசிறந்த இயக்குநர்களுள் ஒருவராக மதிக்கப்பட்ட மைக்கேல் பவலின் திரைவாழ்வு இதனால் பெரிதும் சரிந்தது. பின்னர் அவர் ஆஸ்திரேலியா சென்று படம் எடுக்க நேர்ந்தது.

இரண்டாம் படம் ஆல்பிரட் ஹிட்ச்காக் இயக்கிய 'சைக்கோ'. 1960 ஜூன் 16 அன்று நியூயார்க்கில் வெளியாயிற்று. படம் தொடங்கிய பின் எவரையும் உள்ளே விடக்கூடாது என்று ஹிட்ச்காக் நிபந்தனை விதித்தார். மக்கள் தெருவில் வரிசையில் காத்து நின்று பார்த்தனர். குளியலறைக் கொலைக் காட்சியில் வீறிட்டு அலறினர். வெளியே வந்து நண்பர்களையும் பார்க்கச் சொன்னார்கள். விமரிசகர்களில் சிலர் இதனையும் குறை கூறினார்கள் என்பது உண்மை. பார்வையாளர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை.

உடலுக்குள் நடப்பது என்ன?

இந்த வேறுபாட்டை ஆராயுமுன், அச்சத்தின்போது உடலில் என்ன நிகழ்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். இதில் நம் பேச்சு வழக்கே ஒரு சிறு உடலியல் நூல் போல் இருக்கிறது. 'நா வறண்டது', 'வயிற்றில் புளியைக் கரைத்தது', 'மயிர் கூச்செறிந்தது', 'கை கால் சில்லிட்டது', 'இரத்தம் உறைந்தது' என்றெல்லாம் சொல்கிறோம். இவை ஒவ்வொன்றும் உடலில் நிகழும் மாறுதலை ஒட்டிப் பிறந்தவை.

ஆபத்து என்று மூளை அறிந்தவுடன் பரிவு நரம்பு மண்டலம் விழித்துக்கொள்கிறது. சிறுநீரகங்களின் மேல் குல்லாய் போல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினை இரத்தத்தில் கலக்கின்றன. இதயம் விரைவாகத் துடிக்கிறது. எதிர்த்து நிற்கவோ ஓடித் தப்பவோ தசைகளுக்கு மிகுந்த இரத்தம் தேவை. எனவே செரிமான உறுப்புகளுக்குப் போகும் இரத்தம் குறைக்கப்படுகிறது, வயிறு கலங்குகிறது. உமிழ்நீர் குறைகிறது, நா வறள்கிறது. தோலின் நுண்ணிய இரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன. கை கால் சில்லிடுகின்றன. மயிர்க்கால்களில் உள்ள சின்னஞ்சிறு தசைகள் சுருங்கி மயிரை நிமிர்த்துகின்றன. இந்த ஏற்பாட்டை முறையாக ஆராய்ந்து, 'போராடு அல்லது ஓடு' என்னும் கருத்தாக 1915-இல் வெளியிட்டவர் அமெரிக்க உடலியல் அறிஞர் வால்ட்டர் கேனன்.

இரத்தம் உறைவது மட்டும் வெறும் பேச்சுதானா? நெதர்லாந்து நாட்டின் லைடன் நகர ஆராய்ச்சியாளர்கள் இதையும் சோதித்துவிட்டார்கள். நல்ல உடல்நிலை கொண்ட 24 பேருக்கு ஒரு திகில் படத்தையும், ஒரு வார இடைவெளியில், மது தயாரிப்பைப் பற்றிய ஒரு சாதாரண செய்திப்படத்தையும் காட்டினார்கள். படத்துக்கு முன்னும் பின்னும் இரத்தம் எடுத்துப் பரிசோதித்தார்கள். இரத்தம் உறைய உதவும் 'எட்டாம் காரணி' என்னும் புரதம் திகில் படத்தின்போது பாதிக்கு மேற்பட்டவர்களுக்குக் கூடியிருந்தது. செய்திப்படத்தின்போது கூடியவர்கள் ஏழில் ஒரு பங்கினரே. ஆனால் இரத்தக்கட்டி உருவானதற்கான அடையாளம் எதுவும் இல்லை. காயம் படக்கூடும் என்று எண்ணி உடல் முன்கூட்டியே தயாரானது, அவ்வளவுதான். இம்முடிவுகள் 2015-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியாயின.

இங்கே ஒரு கேள்வி எழும். திரையில் இருப்பது வெறும் ஒளியும் நிழலும் என்பது எல்லாருக்கும் தெரியும். தெரிந்திருந்தும் உடல் ஏன் ஏமாறுகிறது?

மூளையின் இரு பக்கங்களிலும் பாதாம் பருப்பின் வடிவில் 'அமிக்டலா' என்ற சிறு பகுதி உண்டு. ஆபத்தை அடையாளம் கண்டு உடலை எச்சரிப்பதில் இதற்கு முக்கியப் பங்கு இருக்கிறது. கண்ணிலும் காதிலும் விழும் செய்தி இதனை இரண்டு வழிகளில் அடைய முடியும் என்று ஜோசப் லெடூ என்ற விஞ்ஞானி எலிகளிடம் செய்த சோதனைகளால் காட்டினார். ஒன்று, மூளையின் மேற்புறணி வழியாகச் சுற்றி வரும் பாதை. மற்றொன்று, அங்கே போகாமலே வந்து சேரும் குறுக்குப்பாதை. குறுக்குப்பாதையில் வரும் செய்தி தெளிவற்றது, ஆனால் விரைவானது. நம் வீட்டு மின்சார உருகு கம்பியை நினைத்துப் பாருங்கள். மின்னோட்டம் அளவு மீறியவுடன் அது உருகிவிடுகிறது. கோளாறு எங்கே என்று விசாரிப்பது அதன் வேலையன்று. அது பிறகு வரும் மின் பணியாளரின் வேலை. அதுபோல உடல் முதலில் துள்ளுகிறது. 'இது படம்தான்' என்ற அறிவு சற்றே தாமதித்து வந்து அமைதிப்படுத்துகிறது.

அமிக்டலா இல்லாவிட்டால் என்ன ஆகும்? மிக அரிய நோய் ஒன்றால் இரு பக்க அமிக்டலாவையும் இழந்த ஒரு பெண்மணியை அமெரிக்க விஞ்ஞானிகள் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். பாம்பும் சிலந்தியும் விற்கும் கடைக்கும், பேய் வேடமிட்டு அச்சுறுத்தும் காட்சிக்கூடத்துக்கும் அவரை அழைத்துச் சென்றார்கள். பல திகில் படங்களின் பகுதிகளைக் காட்டினார்கள். அவர் எதற்கும் அஞ்சவில்லை. ஆர்வத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் 2013-இல் வெளியான ஆய்வில் ஒரு வியப்பு காத்திருந்தது. கரியமில வாயு 35 விழுக்காடு கலந்த காற்றை ஒரு முறை மூச்சிழுக்கச் செய்தபோது அவருக்குப் பெரும் பீதி ஏற்பட்டது. வெளியிலிருந்து வரும் ஆபத்தைக் கண்டு அஞ்சாதவர், மூச்சு முட்டுவது போன்ற, உடலின் உள்ளிருந்து எழும் ஆபத்தைக் கண்டு அஞ்சினார். வெளியே உள்ள பொருளிடமிருந்து நாம் விலகிச் செல்லலாம். நம் மூச்சிலிருந்து விலகிச் செல்ல முடியாது. இந்த உண்மையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்; பின்னால் தேவைப்படும்.

அரங்கின் காற்றே சொல்லும்

ஒருவர் உடலில் நிகழ்வது இது. ஓர் அரங்கு முழுவதும் நிகழ்வதை அளக்க முடியுமா? ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் மாக்ஸ் பிளாங்க் வேதியியல் ஆய்வகத்தைச் சேர்ந்தவர்கள் 2013-14 குளிர்காலத்தில் இதனை அழகாகச் செய்து காட்டினார்கள். திரையரங்கிலிருந்து வெளியேறும் காற்றை ஒரு நிறை நிறமாலைமானிக்குள் செலுத்தி, அதில் என்னென்ன வாயுக்கள் எவ்வளவு இருக்கின்றன என்று தொடர்ந்து அளந்தார்கள். 16 படங்கள், 108 காட்சிகள், 9,500-க்கு மேற்பட்ட பார்வையாளர்கள்.

பரபரப்பான கட்டங்களில் காற்றில் கரியமில வாயுவும் ஐசோப்ரீன் என்ற வாயுவும் கூடின. மூச்சு விரைவானால் கரியமில வாயு கூடும். தசைகள் இறுகினாலும், மக்கள் இருக்கையில் அசைந்து நெளிந்தாலும் ஐசோப்ரீன் வெளிப்படும். ஒரே படத்தை வெவ்வேறு நாட்களில் வெவ்வேறு கூட்டம் பார்த்தபோதும், கதாநாயகி ஆபத்தில் சிக்கும் அதே இடங்களில் அளவுகோடு மேலே ஏறியது. நூற்றுக்கணக்கான பேர் ஒருவரையொருவர் அறியாமலே ஒன்றாக மூச்சு வாங்கினார்கள். அப்படியானால் 1960-இல் 'சைக்கோ' பார்த்தவர்களின் உடலும் 'பீப்பிங் டாம்' பார்த்தவர்களின் உடலும் ஏறக்குறைய ஒன்று போலத்தான் இயங்கியிருக்கும் என்று கருத இடமுண்டு. வேறுபாடு உடலில் இல்லையென்றால், அதை வேறெங்கோ தேட வேண்டும்.

இன்பமாவது எப்படி?

அச்சம் தீர்ந்தவுடன் இதயத் துடிப்பு சட்டென்று அடங்கிவிடுவதில்லை. அடுப்பிலிருந்து இறக்கிய பித்தளைப் பாத்திரம் வெகுநேரம் சூடாக இருப்பது போல, உடலின் கிளர்ச்சியும் சற்று நேரம் நீடிக்கிறது. ஆபத்து நீங்கியது என்று மனம் அறிந்தபின் மீதமிருக்கும் இந்தக் கிளர்ச்சி, அடுத்து வரும் உணர்ச்சியைப் பெருக்கிக் காட்டுகிறது. அடுத்து வருவது நிம்மதியானால், அந்நிம்மதி பேரின்பமாகத் தோன்றுகிறது. டால்ஃப் சில்மன் என்ற உளவியல் அறிஞர் 1970-களில் இக்கருத்தை வளர்த்தார். அலறல் அடங்கியவுடன் அரங்கில் சிரிப்பொலி எழுவதைக் கவனித்திருப்பீர்கள். அதற்கும் இது ஒரு விளக்கம்.

எவ்வளவு அச்சம் இன்பம் தரும்? டென்மார்க்கில், பணம் கட்டிப் பயப்பட வருவோருக்காக நடத்தப்படும் ஒரு பேய்வீட்டில் 110 பேரின் இதயத் துடிப்பை அளந்து, அவர்கள் பெற்ற அச்சத்தையும் இன்பத்தையும் கேட்டுப் பதிவு செய்தார்கள். 2020-இல் வெளியான இந்த ஆய்வின் வரைபடம் கவிழ்த்த கிண்ணம் போல் இருந்தது. அச்சம் மிகக் குறைந்தால் சலிப்பு. மிகுந்துவிட்டால் வேதனை. நடுவில் ஓரிடத்தில் இன்பம் உச்சத்தைத் தொடுகிறது.

குளிர்காலத்தில் நெருப்பின் அருகே உட்கார்ந்திருப்பவரை எண்ணிப் பாருங்கள். எட்டி இருந்தால் குளிர் போகாது. ஒட்டி இருந்தால் சுட்டுவிடும். இடையே சுகமான ஒரு தொலைவு உண்டு. அது ஆளுக்கு ஆள் மாறும். ஆகவே நெருப்பு சுகமாக இருக்க வேண்டுமானால், நாற்காலியை முன்னும் பின்னும் நகர்த்தும் உரிமை உட்கார்ந்திருப்பவரிடம் இருக்க வேண்டும். திரையரங்கிலும் அப்படியே. கண்ணை மூடிக்கொள்ளலாம், பக்கத்தில் இருப்பவரின் கையைப் பிடித்துக்கொள்ளலாம், 'இது படம்தானே' என்று சொல்லிக்கொள்ளலாம், எழுந்தும் போகலாம். இவையெல்லாம் பார்வையாளர் தம் தொலைவைத் திருத்திக்கொள்ளும் வழிகள்.

கண்ணாடி செய்த வேலை

இப்போது இரண்டு படங்களுக்கும் திரும்புவோம். மாறிய நிபந்தனை இந்தத் தொலைவுதான் என்பது என் கருத்து.

'சைக்கோ' கறுப்பு வெள்ளைப் படம். குளியலறைக் காட்சியில் ஓடும் இரத்தம் உண்மையில் சாக்லேட் குழம்பு. பெர்னார்ட் ஹெர்மன் அமைத்த வயலின்களின் கிறீச்சிடும் ஒலி நம்மைத் தூக்கிவாரிப் போடுகிறது. ஆனால் கொலையாளியின் முகம் நமக்கு மறைக்கப்பட்டிருக்கிறது. நாம் அஞ்சுவது சாகும் பெண்ணோடு சேர்ந்து. இறுதியில் ஒரு மனநல மருத்துவர் வந்து எல்லாவற்றையும் விளக்கி, அச்சத்தைப் பெட்டியில் போட்டு மூடித் தருகிறார்.

'பீப்பிங் டாம்' வண்ணப் படம். முதற்கொலையை நாம் கொலைகாரனின் கேமரா வழியாகவே பார்க்கிறோம். குறி பார்க்கும் குறுக்குக்கோடுகள்கூடத் திரையில் தெரிகின்றன. கேமராவுக்குப் பின்னால் நிற்பது நாமா அவனா என்று பிரித்தறிய முடியாது. அடுத்து அவன் தன் அறையில் தனியே அமர்ந்து, எடுத்த படத்தைத் திரையிட்டுப் பார்க்கிறான். இருட்டில் உட்கார்ந்து பிறர் அச்சத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் அவனுக்கும், அரங்கில் அதையே செய்துகொண்டிருக்கும் நமக்கும் என்ன வேறுபாடு? இக்கேள்வியைப் படம் வாய்விட்டுக் கேட்பதில்லை, கேட்காமலே உணர்த்திவிடுகிறது. போதாக்குறைக்கு அவன் கொடியவனாகவும் தெரிவதில்லை. கூச்சமும் மென்மையும் உள்ள, இரங்கத் தக்க மனிதனாக இருக்கிறான். அவனை வெறுத்து ஒதுக்கித் தள்ளி நிற்பதற்கும் வழியில்லை.

அந்தக் கண்ணாடியைப் பற்றி இயற்பியல் ஆசிரியனாகிய நான் ஒன்று சொல்ல வேண்டும். கூட்டங்களில் ஒலிவாங்கியை ஒலிபெருக்கியின் எதிரே கொண்டு சென்றால் காதைத் துளைக்கும் ஊளை கேட்கும். ஒலிபெருக்கியிலிருந்து வரும் ஒலி ஒலிவாங்கியில் நுழைகிறது, பெருக்கப்பட்டு வெளிவருகிறது, மீண்டும் நுழைகிறது. சுற்றுக்குச் சுற்று வளர்ந்து, கருவியின் திறன் அனுமதிக்கும் எல்லை வரை போகிறது. இதற்குப் பின்னூட்டம் என்று பெயர். மார்க் லூயிஸின் கண்ணாடியும் இதையே செய்கிறது. அஞ்சிய முகத்தைக் காண்பதால் அச்சம் கூடுகிறது. கூடிய அச்சம் முகத்தில் தெரிகிறது. அதைக் கண்டு மேலும் கூடுகிறது. பீதி நோய் உள்ளவர்களின் நிலையும் இதற்கு மிக நெருங்கியதே. இதயம் படபடப்பதை உணர்ந்து, ஏதோ ஆகப்போகிறது என்று அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்தால் படபடப்பு இன்னும் மிகுகிறது. அமிக்டலாவை இழந்த பெண்மணி மூச்சு முட்டியபோது அஞ்சியதை இங்கே நினைவுகூரலாம். உள்ளிருந்து வரும் அச்சத்துக்கும் நமக்கும் இடையே தொலைவு என்பதே இல்லை.

ஊளையை நிறுத்துவது எப்படி என்பதும் நமக்குத் தெரியும். ஒலிவாங்கியைத் தள்ளி வைக்க வேண்டும். 1960-இல் விமரிசகர்கள் அந்தப் படத்தையே தள்ளி வைத்தார்கள். அவர்கள் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. தள்ளி நிற்க அவர்களுக்கு வேறு வழி விடப்படவில்லை. அந்தக் கண்ணாடி சற்றே தங்கள் பக்கமும் திரும்பியிருந்ததை அவர்களில் சிலரேனும் உணர்ந்திருக்க வேண்டும்.

ஆல்பர்ட்டும் பீட்டரும்

படத்தில் வரும் தந்தையைப் போன்ற விஞ்ஞானி எங்கேனும் இருப்பாரா என்று வாசகர்கள் கேட்கலாம். விஞ்ஞானம் கற்கும் நாம் தவிர்க்கக் கூடாத கேள்வி இது.

அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் வாட்சன் என்ற உளவியல் பேராசிரியரும் அவருடைய மாணவி ரோசலி ரெய்னரும் செய்த ஒரு சோதனை 1920-இல் வெளியாயிற்று. சோதனைக்கு உள்ளானது 'ஆல்பர்ட்' என்று குறிப்பிடப்பட்ட ஒரு கைக்குழந்தை. வெள்ளை எலியைக் கண்டு அக்குழந்தைக்கு முதலில் சற்றும் அச்சம் இல்லை. பதினோரு மாதக் குழந்தையாக இருந்தபோது, அது எலியைத் தொடப்போகும் நேரத்தில் அதன் தலைக்குப் பின்னால் ஓர் இரும்புத் துண்டைச் சுத்தியலால் ஓங்கி அடித்தார்கள். ஏழு முறை இப்படிச் செய்தபின், ஓசை எழுப்பாமலே, எலியைக் கண்ட மாத்திரத்தில் குழந்தை அழுது தவழ்ந்து விலகியது. முயலுக்கும் நாய்க்கும் உரோமக் கோட்டுக்கும்கூட அஞ்சத் தொடங்கியது. அச்சத்தைக் கற்றுக்கொடுக்க முடியும் என்பது நிரூபணமாயிற்று. ஆனால் கற்றுக்கொடுத்த அச்சத்தை நீக்காமலே குழந்தை மருத்துவமனையை விட்டு அனுப்பப்பட்டது. இதில் இன்னொரு செய்தியும் உண்டு. வாட்சன் இச்சோதனையைத் திரைப்படமாகவும் எடுத்து வைத்தார். அழும் குழந்தையின் முகத்தை இன்றும் அப்படச்சுருளில் காணலாம்.

நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1924-இல், மேரி கவர் ஜோன்ஸ் என்னும் பெண் விஞ்ஞானி எதிர்த்திசையில் ஒரு சோதனையை வெளியிட்டார். பீட்டர் என்ற, மூன்று வயது நிரம்பாத சிறுவனுக்கு முயல் என்றால் பெரும் அச்சம். அவன் விரும்பிய தின்பண்டத்தை உண்டுகொண்டிருக்கும்போது, கூண்டில் அடைத்த முயலை அறையின் கோடியில் வைத்தார்கள். அவன் கலங்காதபோது சற்று அருகே கொண்டுவந்தார்கள், கலங்கினால் நிறுத்தினார்கள். படிப்படியாக முயல் நெருங்கி வந்தது. இறுதியில் பீட்டர் அதனைத் தொட்டு விளையாடினான். இன்று அச்ச நோய்களுக்குத் தரப்படும் சிறந்த சிகிச்சைகளில் ஒன்று இம்முறையின் வழியில் வளர்ந்ததே.

இரண்டு குழந்தைகளிலும் வேலை செய்தது ஒரே நரம்பு மண்டலம்தான். ஆல்பர்ட்டுக்குத் தொலைவை முடிவு செய்தவர் சுத்தியல் பிடித்தவர். பீட்டருக்கு அத்தொலைவை முடிவு செய்தது அவனுடைய முகக்குறிப்பு. முதற்குழந்தை அச்சத்தைப் பெற்றுக்கொண்டு போனது. இரண்டாம் குழந்தை அச்சத்தை விட்டுவிட்டுப் போனது.

மனிதர்மீது சோதனை செய்வோர் பின்பற்ற வேண்டிய நெறிகள் 1947-இல் நியூரம்பர்க் வழக்கின் தீர்ப்பில் வகுத்துரைக்கப்பட்டன. சோதனைக்கு உள்ளாகிறவர் தாமே மனமுவந்து சம்மதிக்க வேண்டும் என்பது முதல் நெறி. தாங்க முடியாது என்று தோன்றினால் சோதனையை நிறுத்திக்கொள்ளும் உரிமை அவருக்கு இருக்க வேண்டும் என்பதும் அந்நெறிகளுள் ஒன்று. பாம்புக் கடைக்கும் பேய்வீட்டுக்கும் சென்ற ஆய்வுகளில் பங்கேற்றவர்கள் தாமே இசைந்து வந்தவர்கள். ஆல்பர்ட்டுக்கு அந்த உரிமை கிடைக்கவில்லை. கதையில் வரும் சிறுவன் மார்க்குக்கும் கிடைக்கவில்லை. உற்று நோக்கினால் 'பீப்பிங் டாம்' கொலைகாரனை மட்டும் குற்றம் சாட்டும் படமன்று. பிறர் அச்சத்தைக் கருவி வழியே பார்த்துக் குறிப்பெடுத்துக்கொண்டு, அவர் முகத்தைப் பார்க்க மறந்துபோகும் அறிவையும் அது கூண்டில் ஏற்றுகிறது. அந்தத் தந்தையின் வேடத்தில் நடித்தவர் இயக்குநர் மைக்கேல் பவல். சிறுவனாக நடித்தது அவருடைய சொந்த மகன். கேமராவுக்குப் பின்னால் நிற்கும் தம்மையும் அவர் விசாரணையிலிருந்து விலக்கிக்கொள்ளவில்லை என்றே தோன்றுகிறது.

பார்வையாளர் மாறினார்

படத்தின் கதி பிறகு என்ன ஆயிற்று? அமெரிக்க இயக்குநர் மார்ட்டின் ஸ்கோர்செசியின் முயற்சியால் 1979-இல் நியூயார்க் திரைப்பட விழாவில் அது மீண்டும் திரையிடப்பட்டது. புதிய தலைமுறை அதனை வேறு கண்ணோடு பார்த்தது. மைக்கேல் பவல் 1990-இல் காலமானார். 1994-இல், முன்பு கண்டித்த அதே டிலிஸ் பவல் அம்மையார், அதே சண்டே டைம்ஸ் இதழில், அப்படம் ஒரு தலைசிறந்த படைப்பு என்று தாம் இப்போது கருதுவதாகவும், மறுமையில் பேச அனுமதி உண்டானால் மைக்கேல் பவலைத் தேடிச் சென்று மன்னிப்புக் கேட்பது தம் கடமை என்றும் எழுதினார். 34 ஆண்டுகளில் படச்சுருளில் ஓர் அங்குலமும் மாறவில்லை. பார்ப்பவர் நின்ற தொலைவு மாறியிருந்தது. இம்முறை அத்தொலைவை அவரே தேர்ந்துகொண்டார்.

திகில் படம் பார்ப்பது நல்லதா கெட்டதா என்று மாணவர்கள் கேட்பதுண்டு. நெருப்பு நல்லதா கெட்டதா என்ற கேள்விக்குள்ள விடைதான் இதற்கும். தாமே விரும்பிப் போய், வேண்டும்போது எழுந்து வரக்கூடியவருக்கு அது ஒரு விளையாட்டு. தம் உடல் அச்சத்தின்போது எப்படி நடந்துகொள்கிறது என்று அறிய ஒரு வாய்ப்பும்கூட. சிறு குழந்தைகளை அழைத்துப் போய் உட்கார வைப்பதோ, பயந்தவரைக் கேலி செய்வதோ வேறு செயல். அங்கே விளையாட்டு முடிந்துவிடுகிறது. அடுத்த முறை இருண்ட அரங்கில் உங்கள் பக்கத்தில் இருப்பவர் முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டால், 'பார், பார்' என்று அந்தக் கைகளை விலக்காதீர்கள். எவ்வளவு பார்ப்பது என்பதை விரல்களின் இடுக்கு வழியே அவரே முடிவு செய்துகொள்ளட்டும்.